என்னைக் கீழே போட்டவளுக்கு

இன்று காலை புளியங்குடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஒருவர் எலுமிச்சை மூட்டையை என் காலருகே இறக்கிவைத்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்த வாசம் எழுந்து வந்தது. சங்கரன்கோவிலில் இறங்கும்வரை நான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதவரை நீ அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

பகலெல்லாம் கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரித்துவிட்டு, சாயங்காலம் அதே கையோடு ஜிம்முக்கு வருவாய். எந்த சோப்புக்கும் அந்த வாசம் போகாது. பயிற்சி மெத்தையில் உரசித் தோல் போன என் முழங்கையில் உன் கை பட்டால் சுரீரென்று எரியும். நான் கத்தினால், "எரியட்டும், பேசாம இருட்டி" என்பாய்.

நான் குத்துச்சண்டை பழகியவள், நீ கபடிக்காரி. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏவுக்கு வெறும் குத்து போதாது என்பது மதுரையில் என் முதல் போட்டியில்தான் உறைத்தது. நான் கையை ஓங்குவதற்குள் எதிராளி என் காலைப் பிடித்து வாரிவிட்டாள். மணியடிக்கும்வரை என் நெஞ்சின்மேல்தான் இருந்தாள். திரும்பும் வழியெல்லாம் அழுதேன். நீ சமாதானம் சொல்லவில்லை. "அவ அடிச்சு நீ தோக்கல. கீழ விழுந்ததும் பயந்துட்ட. நாளைக்கு வா, விழப் பழகுவோம்" என்றாய்.

நம் கோச்சுக்கும் மல்யுத்தம் புதிது. போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாம் இருவருமாகத் தப்பும் தவறுமாகக் கற்றோம். இடுப்பைத் தாழ்த்தி உள்ளே நுழைய வேண்டும். தலை எதிராளியின் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். இரு தொடைகளையும் சேர்த்துப் பிடித்துச் சாய்க்க வேண்டும். கபடி ஆடிய உனக்கு அது உடனே வந்தது, எனக்கு நாளானது. ஆனால் சாய்த்த பிறகு அடக்கிவைப்பதில் நீ தடுமாறுவாய். கபடியில் விசில் ஊதிவிட்டதுபோல் பிடியை விட்டுவிடுவாய். "விடாதட்டி!" என்று நானே கீழே கிடந்தபடி கத்துவேன். நீ சிரித்துவிடுவாய். அந்தச் சிரிப்பில் உன் பாரம் முழுதும் என்மேல் இறங்கி மூச்சு முட்டும்.

தொடையில் வலி என்றாய். பழகியதில் தசை பிடித்துக்கொண்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். எலும்பில் புற்று என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஒருநாள் உன் அம்மாவால் உன்னைக் கட்டிலிலிருந்து எழுப்ப முடியவில்லை. நான் குனிந்தேன். அந்த வலியிலும் நீ, "முதுகால தூக்காத. இடுப்ப இறக்கு. என்னைய ஒட்டிப் பிடி" என்றாய். நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினேன். எவ்வளவு லேசாகிவிட்டிருந்தாய்! என் தோளில் தலையைச் சாய்த்து, "இப்பன்னா என்னைய லேசா கீழ போட்டுருவ, என்ன?" என்று கேட்டாய்.

"போட மாட்டேன்" என்றேன்.

நீ போனபிறகு ஜிம் பக்கமே போகாமல் இருந்தேன். உன் அம்மாதான் வீடு தேடி வந்தாள். "நீ இப்படி உக்காந்திருக்கத அவ பாத்தா கோவப்படுவா. போ மக்கா" என்றாள். போனேன். இப்போது ஒரு புதுப் பெண்ணோடு பழகுகிறேன். கெட்டிக்காரி. அவள் கை பட்டால் எரிவதில்லை.

போன மாதம் மறுபடியும் மதுரையில் போட்டி. குத்துவதுபோல் காட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். இரு தொடைகளும் கையில் சிக்கின. எதிராளி சாயும்போது என் வலது கை தானாகப் பிடியை விட்டுப்போய் அவள் பிடரிக்குக் கீழே விரிந்தது.

"கைய எடு மக்கா! அவ தலைய எதுக்குத் தாங்குத?" என்று கோச் வெளியிலிருந்து கத்தினார்.

நீ அப்படித்தான் போடுவாய். எத்தனையோ முறை என்னைச் சாய்த்திருக்கிறாய், ஒருமுறைகூட என் தலை தரையில் மோதியதில்லை. நான் விழுவதற்கு முன்பே உன் உள்ளங்கை அங்கே போயிருக்கும். அதை நாம் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை. நீயும் சொல்லித்தரவில்லை.

நான் பிடியை விட்ட அந்த இடைவெளியில் எதிராளி ஒரு காலை உருவிக்கொண்டாள். மறுபடி ஒட்டிப் பிடித்து, நெஞ்சால் அழுத்தி, மணியடிக்கும்வரை எழவிடவில்லை. ஜெயித்தேன்.

"அந்தக் கை ஒருநாள் உனக்கு வினையா வந்து நிக்கும், மாத்திக்கோ" என்று கோச் தினமும் சொல்லுகிறார். சரியென்று தலையாட்டுகிறேன். மாற்றிக்கொள்ளப் போவதில்லை.