வலது கைக்கு ஏறாத வளையல்

14.9.1996, சனி. பாயா ரும்புட்.

இன்னும் எரியுது. புறங்கையில தோல் உரிஞ்ச இடத்துக்கு எண்ணெய் தடவ அம்மா வந்தாங்க. வேணாம்னு கதவைச் சாத்திட்டேன்.

இன்னிக்கு எனக்குப் பரிசம். மாப்பிள்ளையோட அம்மா கொண்டுவந்த தங்க வளையல் இடது கையில வழுக்கிக்கிட்டு ஏறுச்சு. வலது கையில விரல் முட்டியோட நின்னுடுச்சு. அளவுக்குன்னு அம்மா கொடுத்தனுப்பினது என் இடது கை வளையல். பன்னெண்டு வயசுலேருந்து ராக்கெட் பிடிக்கிற கை பெருசா இருக்கும்னு பெத்தவங்களுக்கே தெரியல.

மாப்பிள்ளையோட அம்மா விடல. அத்தனை பேர் முன்னாடியும் சவுக்காரம் போட்டு அழுத்தினாங்க.

"என்னம்மா இது, ஆம்பளக் கை மாதிரி இருக்கு?"

"பேட்மிண்டன் ஆடுற கை, அதான்..." அம்மா ஏதோ வியாதியைச் சொல்ற மாதிரி இழுத்தாங்க.

"கல்யாணத்துக்கப்புறம் நிப்பாட்டிட்டா தன்னால மெலிஞ்சிடும்லா."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஆடுறதை டிவியில பார்த்துட்டுத்தான் பொண்ணு கேட்டேன்னு பெருமையடிச்ச மாப்பிள்ளையும் சிரிச்சார், வாய் நிறைய முறுக்கோட.

அடுத்த வாரம் இந்தக் கையாலதான் ஜகார்த்தாவுல ஆடணும். வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல.

வளையலைக் கடையில கொடுத்துப் பெருசாக்கலாம்னு அங்க யாருக்கும் தோணல. கைதான் சின்னதாகணுமாம்.

இடது கையில கிடந்ததையும் இப்பக் கழட்டி வச்சிட்டேன். அதுக்குச் சவுக்காரம் தேவைப்படல.