உன் காதில் கோளாறு இல்லை

இன்று காலை எதிர்ச் சாரிக் கடை வாசலில் எவனோ ஒருவன் லாரிக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றினான். விடிய விடிய மழையில் நின்ற வண்டி. நான்காவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. பிடித்ததுமே டிக், டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம். பல் துலக்கிக்கொண்டிருந்த நான் வாயிலிருந்த கரித்தூளைத் துப்பக்கூட மறந்து நின்றுவிட்டேன். இன்ஜின் சூடானதும் சத்தம் போயிற்று, வண்டியும் போயிற்று. என் மனைவி வந்து, "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

அவளிடம் என்னத்தைச் சொல்ல? உன்னிடம் சொல்ல வேண்டியதையே சொல்லாமல் விட்டவன் நான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதாவது எழுதித் தொலைக்கிறேன். உன் காதில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. கோளாறு வண்டியில்தான். அதை உண்டாக்கியவனும் நானேதான்.

அந்தப் புது லாரி கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை நீ மறந்திருக்க மாட்டாய். அதுவரை மாட்டுவண்டியிலேயே அரிசி ஏற்றிய நம் முதலாளி, "பத்து நாளுக்குள்ள ஓடணும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். டத்தோ கிராமட் ரோட்டுப் பட்டறையில் பிட்டரான நான் அதை ஒவ்வொன்றாகக் கோத்தேன். ஓட்டப்போகிறவன் நீ, ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி எடுத்துக் கொடுத்தாய். "என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ ஆசையா காத்துக் கெடக்கல லா, அண்ணே" என்றாய். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் வைக்கிற பேக்கிங் அட்டை, நான் முடுக்கும்போது ஓரத்தில் கிழிந்தது. நீ அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தாய். வேறு அட்டை கையில் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்படியே வைத்து முடுக்கிவிட்டேன்.

வண்டி பத்து நாள்கூட ஓடவில்லை, நீ வந்து நின்றாய். "அண்ணே, காலைல லோரிய எழுப்புறப்ப டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்குது. சூடானா நின்னுடுது."

வண்டி இரவு தங்குவது துறைமுகத்துக் கிடங்கில். நீ விடியலில் அதைக் கிளப்பி, வழியில் பிள்ளையார் கோவில் வாசலில் இன்ஜினை நிறுத்தாமலே இறங்கிச் சூடம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டு, ரேடியேட்டருக்கும் ஒரு பட்டை போட்டுவிட்டுத்தான் பட்டறைக்கு வருவாய். அதற்குள் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். பானட்டைத் திறந்தால் தையல் மெஷின் போல ஓடும். "எங்கடா உன் டிக்கு டிக்கு? சாமி எறக்கி வச்சுட்டாரா?" என்று கேட்பேன். பட்டறையே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

"ஒரே ஒரு தடவ விடியக்காலைல கிடங்குக்கு வந்து கேளுங்கண்ணே" என்று எத்தனை முறை கெஞ்சினாய்! எனக்கோ திமிர். வண்டிதான் பிட்டரைத் தேடி வரவேண்டும், பிட்டர் வண்டியைத் தேடிப் போவதா? வரமாட்டேன் என்றேன்.

கடைசியில் ஒருநாள் நீ சாமியையே விட்டுவிட்டு நேராக வந்தாய். நெற்றி வெறுமையாக இருந்தது. ஓடிவந்து பானட்டைத் தூக்கி, "இப்ப கேளுங்க, இப்ப கேளுங்க" என்றாய். கேட்டது. இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டிவிட்டு அடங்கியது. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கிழிந்த அட்டை வழியே புகை தப்புகிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபடுகிறது. ஆனால் என் வாய் என்ன சொல்லிற்று? "வால்வு சத்தம்டா. எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்." சே! நான் சொன்னதை நீ நம்பினாயா, பாதி நம்பினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் கடலைக் கடந்து அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போய், தாசேக் கெலுகோர் தோட்டத்துக்கு அரிசி கொண்டுபோக வேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்துக்கு அந்த வண்டியை எடுக்க உனக்குப் பயம். முதலாளியிடமே போய்ச் சொல்லிவிட்டாய். அவர் கிடங்கில் எல்லாருக்கும் நடுவே என்னை அழைத்தார்.

"வண்டில பழுது இருக்கா, இல்லியா? சுத்தி வளைக்காம சொல்லு."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்ற தைரியம் உன் முகத்தில் இருந்தது. பழுது என்று சொன்னால், கோத்தவன் யார் என்பதுதானே அடுத்த கேள்வி?

"வண்டி சுத்தம், முதலாளி. இவன் காதுலதான் பழுது" என்றேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. காது சரியில்லாதவன் கையில் லாரியைக் கொடுத்தால் நாளைக்கு எவன் மேலாவது ஏற்றிவிடுவான் என்று சொல்லி, அன்றைக்கே உன்னிடமிருந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டார். மறுநாள் முதல் நீ அதே கிடங்கில், அதே லாரிக்கு மூட்டை சுமந்தாய். உன்னைப் பார்த்தாலே பையன்கள் நாக்கால் டிக்கு டிக்கு என்று தட்டிக் காட்டினார்கள். நீ ஒருநாளும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. எதிரே வந்தால், "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்பாய். நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்து நீ கேட்டிருக்கலாமே! நானும் ஒழுங்காக அழுதிருப்பேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே விடியலில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிடங்குக்குப் போனேன். நீ அத்தனை முறை கூப்பிட்டும் போகாத கால், திருட்டுத்தனத்துக்கு மட்டும் தானாக நடந்தது. ஹேண்டிலைச் சுற்றிவிட்டு, குழாய் சேரும் இடத்தில் உள்ளங்கையைப் பிடித்தேன். புஸ், புஸ் என்று புகை கையில் தட்டியது. இன்ஜினை நிறுத்தி, குழாயைக் கழற்றிப் புது அட்டை வைத்து முடுக்கினேன். அரைமணி நேர வேலை. பழைய அட்டையைக் கடலில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். புது டிரைவர், "அருமையான வண்டி" என்று எல்லாரிடமும் சொன்னான்.

அதன்பிறகு மூன்று வருஷம் நீ இருந்தாய். மூன்று வருஷத்தில் ஒரு நாள் கூடவா எனக்குக் கிடைக்கவில்லை? தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தாய். என் மகள் காதுகுத்துக்குப் பந்தல் போட்டாய். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிறகு, இவன்தான் மறந்துவிட்டானே, எதற்குக் கிளறுவது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். காய்ச்சலில் நான்கே நாளில் நீ போனபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் மனத்தின் ஒரு மூலையில் 'அப்பாடா' என்றிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து பாய் விரித்தாள். மாடத்தில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அவளே சொன்னாள்.

"பூண்டுத் தைலம்ணே. மூணு வருஷமா வெள்ளிக்கிழம தவறாம காதுல ஊத்திக்குவாரு. நல்லா கேக்குதே, எதுக்குங்க இதுன்னு சண்ட போடுவேன். 'ஒனக்கு ஒன்னும் தெரியாது. பிட்டரண்ணன் பொய் சொல்ற ஆளில்ல'ம்பாரு. கொஞ்சம் சரியானதும் லோரிய திரும்பக் குடுக்கச் சொல்லி உங்களத்தான் மொதலாளிகிட்ட பேசச் சொல்லணும்னு இருந்தாரு."

நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல அதைவிட நல்ல இடமும் கிடையாது, நேரமும் கிடையாது.

"அவரு காது நெசமாவே பழுதுதானாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வந்தது. உன் மனைவி, "அண்ணனுக்கு மொதல்ல குடுங்க" என்றாள். வாங்கிக் குடித்தேன்.