நான்கு மணிக்குக் கடல் வற்றும்

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் இடது கணுக்காலில் பெரிய எலும்பு எதுவும் முறியவில்லை. இதை இன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குத் தீவு ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேரில் சொன்னார், எழுதிக் கொடுத்த சீட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. மற்றபடி நான் முழு நலம், உன் அம்மா முழங்காலுக்கு மேலே நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளேயிருந்து உதைத்துக்கொண்டிருக்கிற ஆளும் எங்களைவிடத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மெல்லிய விரிசல் இருக்கிறதா என்பது மட்டும் இங்கே இருக்கிற பழைய எக்ஸ்ரே மெஷினில் தெரியாதாம், படகேறி அக்கரைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். வெறும் சுளுக்கு என்றால் மூன்று வாரம், விரிசல் என்றால் மாவுக்கட்டோடு எட்டு வாரம். உன்னிடம் வருவதற்கு விமானம் ஐந்து வாரத்தில். இதை அம்மா என்னைவிட வேகமாகக் கூட்டிக் கழித்துவிட்டாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "என் பொண்ணுக்கு இது மொத பிரசவம் டாக்டர், ப்ளேன் ஏறலாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். "மொதல்ல கட்டில்லேருந்து எறங்குங்கம்மா, ப்ளேன் அப்புறம் ஏறலாம்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை போனில் வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழுச் செய்தி இல்லை. மீதியைப் போனில் சொல்ல வழியில்லை, இந்த அறையில் அம்மா காதில் விழாமல் தும்மக்கூட முடியாது. அதனால்தான் காகிதம்.

பிரசவ வேலை தலைக்கு மேல் வருமுன் ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று நீ அனுப்பினாய், கூடவே பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை என்று பதினோரு இடம் கொண்ட பட்டியலையும் அனுப்பினாய். இரண்டும் ஒன்றாக நடக்காது கண்ணு. அம்மா அந்தப் பட்டியலை டாக்டர் சீட்டு மாதிரி பிடித்துக்கொண்டாள், வேளை தவறாமல் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும், முடித்ததை அடிக்க வேண்டும். கலங்கரை விளக்கத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி, நான் எண்ணினேன், அம்மா மூன்றாவது ஜன்னலிலேயே உட்கார்ந்து "இங்கேருந்து பாத்தாலும் அதே கடல்தானே, நீங்க போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். மேலே காற்று கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது, ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டேன். கண்ணாடி அடித்தளப் படகில் கண்ணாடி முழுக்கக் கீறல், கடலடி என் பழைய மூக்குக்கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி தெரிந்தது, ஆனாலும் ஒரு ஆமை எங்களுக்கு அடியில் அவசரமே இல்லாமல் போனது, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள், இந்தப் பயணத்தில் அது ஒன்று தேறியது. சங்கு அருங்காட்சியகத்தின் சாவி பள்ளிக்கூட டீச்சரிடம், அவர் வகுப்பு முடிந்து வரும்வரை வாசலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். கால் கடுக்க நின்றுகொண்டிருக்கும்போது "ஓய்வெடுக்க இவ்ளோ ஓடணும்னா வீட்டுலயே இருந்திருக்கலாம்" என்றாள், சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்று பட்டியலைப் பிரித்தாள்.

ஏழாவதுதான் விஷயம். மாலை நான்கு மணிக்குக் கடல் வற்றும், எதிரே இருக்கும் மணல்திட்டுக்கு நடந்தே போகலாம், கணுக்காலுக்கு மேல் நனையாது. இதை நீ இணையத்திலிருந்து எடுத்திருப்பாய், அதைப் போட்டவர் வேறெங்கிருந்தோ எடுத்திருப்பார். அந்த வரியை எழுதியவன் நான். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் காலியாக இருந்தது, இந்தத் தீவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் இங்கே வரவில்லை. மேஜையில் உட்கார்ந்து படகு அலுவலகத்துக்குப் போன் போட்டேன், எடுத்தவர் நான்கு மணிக்கு வற்றும் என்றார், நாளைக்கும் அதே நேரமா என்று கேட்கவில்லை. கடல் வற்றும் நேரம் நாளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே போகும் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை இளம் நிருபர்களை, இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு வரி எழுதாதே என்று விரட்டியிருக்கிறேன். இங்கே வரும்போது படகிலேயே பட்டியலைப் படித்ததும் என் வரி என்று தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இத்தனை வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கிறதே என்று. வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றியது ஒன்றரை மணிக்கு. நாங்கள் இறங்கியது நான்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. போகும்போதே தண்ணீர் கெண்டைக்காலுக்கு இருந்தது, அம்மா தயங்கினாள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் வா என்று கூப்பிட்டவன் நான்தான். திட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம், திரும்பும்போது முழங்காலைத் தாண்டியது, பாதி வழியில் அவள் கால் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கி மாட்டிக்கொண்டது. நான் இழுக்க அவள் அலற, இடுப்பளவு வந்தபோது ஒரு மீன்காரர் படகைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவள் காலை விடுவித்து, இரண்டு பேரையும் படகில் தூக்கிப் போட்டுவிட்டு வழி முழுக்கத் திட்டினார். "ஏங்க, பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? தண்ணி ஏறுதா எறங்குதான்னு பாக்கத் தெரியாதா?" என்றார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "அவருக்குத் தண்ணியெல்லாம் தெரியாதுங்க, பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் தெரியும்" என்றாள்.

விடுதிக்காரம்மா பதறிவிட்டார். கரைப் படியில் அதே வரியை எழுதிய போர்டு ஒன்று அவர் மாமனார் காலத்திலிருந்து நிற்கிறது, அதைப் பார்த்து இறங்குகிறவர்களை மறித்து அன்றைய நேரத்தைச் சொல்லி அனுப்புவது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். தப்பு என்று தெரிந்தும் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "பேப்பர்லயே வந்தது சார், அத நாங்க எப்படி மாத்தறது?" என்றார். முப்பது வருஷ வேலையில் எனக்கு இப்படி ஒரு அடி விழுந்ததில்லை. எழுதியது நான்தான் என்று சொன்னேன். "அப்ப நீங்களே அழிச்சுடுங்க" என்று தூரிகையும் பெயின்ட் டப்பாவும் எடுத்துக் கொடுத்தார். இன்று மதியம் அழித்தேன். இறங்குமுன் விடுதியில் நேரம் கேட்கவும் என்று எழுதினேன், எழுத்து கோணல்தான், ஆனால் தகவல் சரி.

நீ ஸ்டூல் மேல் ஏறித் துணி எடுக்காதே, மாப்பிள்ளையை எடுக்கச் சொல். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கால் வீங்கினால் போனில் அம்மாவிடம் மறைக்காதே, குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், பிறகு என்னால் சமாளிக்க முடியாது. அம்மா வர முடியாமல் போனால் நான் வருகிறேன், எனக்குச் சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் தெரியும், குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாது, அதை ஒருவரிடம் இல்லை, நான்கு பேரிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன். மூன்று பேரும் நன்றாக இருங்கள், பெற்றுப் பிழைத்து நிறைவாக இரு. மறக்காமல் அந்த இணையப் பக்கத்துக்காரருக்கு எழுது, ஏழாவதை எடுக்கச் சொல், என் பெயரைச் சொல்லியே எழுது.

காற்று அதிகம் என்று இரண்டு நாளாகப் படகு இல்லை. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் படகு என்று படகு அலுவலகத்திலும் சொன்னார்கள், மீன்காரரும் சொன்னார். இந்தக் கடிதமும் நாங்களும் அதில்தான் வருகிறோம், அன்று சாயங்காலத்துக்குள் எலும்பு டாக்டர் விரிசலா சுளுக்கா என்று சொல்லிவிடுவார், உடனே போன் செய்கிறேன். அந்த அரைப்பக்கம் என்னுடையது என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. காலையில் பட்டியலை மடித்துக்கொண்டே "இத எழுதினவரு ஒரு தடவையாவது கால நனைச்சிருப்பாரா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு என்னைத் தேவைக்கு மேல் கொஞ்சம் பார்த்தாள். அவளுக்குத் தெரியுமா என்பது உறுதியாகவில்லை. நாளை, புதன்கிழமை, கடல் சரியாக நான்கு மணிக்கு வற்றுகிறது, இதையும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன். வாசலில் அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு அப்போது சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
அப்பா