ஓரத்து இரண்டு வரிசை

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை இரவு

எங்கள் கத்திரித் தோட்டத்துக்கு வருஷக்கணக்காகப் பூச்சிமருந்து அடிக்கிற ஏழுமலை சாயங்காலம் வந்தான். எப்போதோ முள் குத்திய கால்புண் இன்னும் ஆறவில்லை. காய்ச்சலும் விட்டு விட்டு வருகிறதாம்.

“ரத்தத்துல நோய எதுத்து நிக்கிற வெள்ளையணு கொறஞ்சி கீதாம் அக்கா. மருந்து அடிச்சிக்கினே இருந்ததாலயும் இருக்கலாம், இனிமே அதுங்கிட்டயே போவாதன்னு சொல்லிட்டாரு டாக்டரு” என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “உங்க வூட்டுக்குன்னு வுட்டு வெச்சிகீற வரிசையில ரெண்டு காய் குடுங்கக்கா.”

வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசைக்கு மட்டும் நாங்கள் மருந்து அடிப்பதில்லை. எங்கள் வீட்டுக் குழம்புக்கு அந்தக் காய்தான். அங்கே அடித்துவிடாதே என்று ஒவ்வொரு தடவையும் அவனிடம் சொன்னவள் நான். மூக்கைத் துணியால் கட்டிக்கொள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பை நிறையப் பறித்துக் கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. அதோடாவது நான் திருந்தியிருக்கலாம்.

கிளம்பும்போது, “நாளிக்கி மருந்து அடிக்கணுமே, இன்னா பண்ணுவீங்க? என் தம்பிய அனுப்பட்டா?” என்றான்.

செடியில் புழு. உத்திரமேரூர் மார்க்கெட்டுக்குக் காய் போயாக வேண்டும்.

“வெயிலுக்கு முன்னாடி வரச் சொல்லு” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவன் தலையாட்டினான். “ஓரத்து வரிசையில அடிக்கக் கூடாதுன்னு நானே அவங்கிட்ட சொல்லிடறேங்கா.”