மூலப்பத்திரம் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை செய்தித்தாளை விரித்ததும் உள்ளிருந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்று நழுவி விழுந்தது. பேசாத பிள்ளைகளுக்கும் இதய அடைப்புக்கும் ஒரே சிகிச்சையாம். ரத்தத்தில் சேர்ந்த உலோக நச்சை டிரிப் போட்டு இறக்கிவிடுவார்களாம். மருத்துவமனையின் பெயர்தான் புதிது, வாசகம் பழையது. பார்த்துக்கொண்டே இருந்ததில் காபி ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை.

உன் மகன் செழியனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது நீ திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலர். நிலத்தகராறு என்று வந்து யார் எவ்வளவு கத்தினாலும், "மூலப்பத்திரம் எங்கங்க?" என்று மட்டும் கேட்பாய். கூலி உயர்வு கேட்டுச் சிறைக்குப் போன அப்பாவின் மகள், சத்தத்துக்குப் பயந்தவளில்லை. ஆனால் அன்று தொலைபேசியில் உன் குரல் நடுங்கியது.

"அத்தானோட அண்ணன் அந்த டிரிப்பப் போட்டே ஆகணும்னு நிக்கிறாரு. அத்தானும் தலையாட்டுறாரு. ஆராய்ச்சிகள அலசிப் பாக்குறதுதானே உன் வேல? படிச்சு உண்மையச் சொல்லுடி. என் மனசு நோகுமேன்னு பாக்காத."

படித்தேன். எந்த ஆய்வில் எத்தனை பிள்ளைகள், யாரோடு ஒப்பிட்டார்கள், யார் செலவு செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிரிப்பால் ஆட்டிசம் குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சட்டென்று இறக்கி, பிள்ளையின் இதயத்தையே நிறுத்திவிடும் ஆபத்து இருந்தது. பேச்சுப் பயிற்சிக்கும், பெற்றோரே கூட உட்கார்ந்து விளையாடும் பயிற்சிக்கும் ஓரளவு சான்று உண்டு. அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி இல்லை. அப்படியே சொன்னேன். நீ அழுதாய். பிறகு, "சரி, மெதுவாவே வரட்டும்" என்றாய்.

தஞ்சாவூரில் கல்யாண மண்டபம் பிடித்து அந்த டிரிப் மருத்துவமனைக்காரர்கள் கூட்டம் நடத்தியபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். குணமானதாகச் சொன்ன பிள்ளைகளின் படங்களைத் திரையில் காட்டி முடித்ததும் எழுந்தாய்.

"இதுக்கு மூலப்பத்திரம் எங்கங்க?"

மேடையில் இருந்த டாக்டர் சிரித்தார். "அம்மா, மொதல்ல நம்பிக்கை வேணும்."

"நம்பிக்கைய கோயில்ல வச்சிட்டு வந்திருக்கேன். இங்க ஆதாரம் கேக்குறேன்."

உன்னை உட்காரச் சொன்னார்கள். நீ உட்காரவில்லை. நாம் வெளியே வந்தபோது, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த இன்னொரு தாயும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

சில வருஷங்கள் கழித்து உன் இதயத்திலேயே அடைப்பு. அதே டிரிப்பை உனக்கும் சிபாரிசு செய்தார்கள். மறுபடியும் படித்தேன். இதயத்துக்கான ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. உன் உடம்பை ஒப்படைக்க அவை போதவில்லை. நீ ஸ்டென்ட் வைத்துக்கொண்டாய், மாத்திரை தவறவில்லை, வாய்க்கால் கரையில் நடந்தாய். இருந்தும் போய்விட்டாய்.

துக்க வீட்டில் அத்தானின் அண்ணன் என் முகத்துக்கு நேரே சொன்னார். "டிரிப் போட்டிருந்தா இருந்திருப்பா. தங்கச்சி படிச்ச படிப்பு கொன்னுருச்சு."

அதற்காகவும் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் படித்தேன், அக்கா. நான் சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சரியான வைத்தியம் ஒருத்தியைக் காப்பாற்ற முடியாமல் போனதால் பொய்யான வைத்தியம் மெய்யாகிவிடாது.

காரியம் முடிந்த கையோடு அத்தானின் அண்ணன் அந்த டிரிப் மருத்துவமனை ஆளைக் கூட்டி வந்தார். செழியனின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டுமாம். ஆள் கையைப் பிடித்ததும் செழியன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"வேணாம்."

தெளிவாகச் சொன்னான். பெரியவர், "அவனுக்கென்ன தெரியும்? புடிங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் எழுந்துவிட்டார். அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டியே பழகிய அதே அத்தான்தான்.

"அவன் கை. அவன் வேணாங்குறான். கெளம்புங்கண்ணே."

இப்போதும் ஆய்வறிக்கை கேட்டு என்னிடம் வருகிறவர்கள், "கொஞ்சம் நம்பிக்கை தர்ற மாதிரி எழுதுங்க டாக்டர், பெத்தவங்க தாங்க மாட்டாங்க" என்கிறார்கள். இல்லாததை இல்லை என்றுதான் எழுதுகிறேன். பெற்றவர்கள் தாங்குவார்கள். நீ அழுதுகொண்டேதான் கேட்டாய். ஆனால் கடைசி வரி வரை கேட்டாய்.