வலி குறைந்த பத்து நாட்கள்

ஜூலை 7, திங்கள்

வலி எட்டு.

பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் தாம்பரம் ஆஸ்பத்திரியின் தண்டுவட டாக்டர் ஸ்ரீவித்யா. எனக்கு எழுத வராது. மருமகள் சரளா எழுதுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். எதிர் வீட்டுச் சுப்பராயலு எழுதுகிறான். நாற்பது வருடம் பத்திரம் எழுதிய கை. சொன்னதில் ஒரு சொல் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான், வெளியே சொல்லவும் மாட்டான். முடித்ததும் படித்துக் காட்டுவான்.

முதுகெலும்பில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கிக் கால் நரம்பை அழுத்துகிறதாம். கோவளத்தில் முப்பத்தெட்டு வருடம் வலை இழுத்த இடுப்பு, பிதுங்காமல் என்ன செய்யும்? முதலில் ஊசி. கேட்காவிட்டால் ஆபரேஷன்.

கடைசியில் டாக்டர், "யூரின், மோஷன் போறதுல ஏதாவது..." என்று ஆரம்பித்தார். சரளா ஃபைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். "அதெல்லாம் நல்லா கீதும்மா" என்று எழுந்துவிட்டேன். டாக்டர் சரளாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெளியே பெஞ்சுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

எட்டு. நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

குப்புறப் படுக்க வைத்து, படத்தில் பார்த்துப் பார்த்து ஊசி போட்டார்கள். சாயங்காலம் வலி ஆறு.

ஜூலை 13, ஞாயிறு

நான்கு! மகன் இளமாறன் மஸ்கட்டிலிருந்து போன் செய்தான். "ஊசி வேலை செய்யுதுப்பா, பார்த்தியா?" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டேன்.

சரளா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல், "மாமா, டாக்டர் கேட்டாங்களே... அதெல்லாம் சரியா போகுதா?" என்றாள். குழாயைக் கேட்பது போலக் கேட்டாள். "உம்" என்றேன். இரண்டு பேருக்கும் அதோடு நிம்மதி.

வலது கால் மட்டும்தான் வலித்துக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு பாதமும் மரத்திருக்கின்றன. ஊசி மருந்து இன்னும் இறங்கவில்லை போல.

ஜூலை 15, செவ்வாய்

மூன்று. காலையில் கேம்ப் ரோடு வரைக்கும் நடந்தேன். மீன் விற்கும் புஷ்பலதா பின்னாலிருந்து கூவினாள்.

"லோகண்ணா! செருப்பு இங்க கீது, நீ எங்க போய்கினுகீற? காலைலயே ஏத்திகினியா?"

"இல்லம்மே, இடுப்புல போட்ட ஊசி வேகம்."

"அந்த ஊசிய என் வூட்டுக்காரனுக்கும் ஒண்ணு போடச் சொல்லு. குடிக்காமலே தள்ளாடட்டும், காசாவது மிச்சம்."

சிரித்தேன். வீடு வரும் வரைக்கும் ஒரே யோசனை. பத்தடி வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். மணி பத்தேகால், தார் ரோடு சுட்டிருக்க வேண்டும். ஏன் சுடவில்லை?

ஜூலை 16, புதன்

வலி ஒன்று.

ஏழரைக்குக் குளிக்க முக்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தேன். வேறு யாருடைய சதையையோ தடவுகிற மாதிரி இருந்தது. சுடுதண்ணீர் ஊற்றினேன். தொடையின் வெளிப்பக்கம் சுட்டது. நடுவில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று — ஒழுங்காக ஒன்றுக்குப் போனது நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு. அதற்கப்புறம் நின்று நின்று பார்க்கிறேன். வரவில்லை. முட்டவும் இல்லை. அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

இதை எழுதாதே என்றேன். சொன்னால் எழுதத்தான் செய்வேன் என்கிறான் சுப்பராயலு.

"டாக்டர்கிட்ட போயிடு லோகு."

"எப்புடிப் போறது? கூட வர்றது மருமவ. அவ எதிர்ல அங்க மரத்துப்போச்சு, இங்க வரலன்னு அவுத்துக் காட்டச் சொல்றியா?"

"நான் வரேன்டா."

"நீ வந்தா அவ ஏன்னு கேப்பா. வலிதான் போய்கினுகீதே. நாளைக்குப் பார்க்கலாம்."

ஜூலை 17, வியாழன்

வலி இல்லை. இந்தச் சனியன் வலி வந்து மூன்று வருடம். இன்றைக்கு ஒரு பொட்டுகூட இல்லை.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன். சரளா ஸ்பீக்கரில் போட்டு என் வாயருகே பிடித்தாள்.

"வலி எத்தனை தாத்தா?"

"சைபர்."

"சூப்பர் தாத்தா! யூரின், மோஷன் எல்லாம் நார்மல்தானே?"

சரளா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் என் பக்கம்.

"நார்மல்" என்றேன்.

மத்தியானம் எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று தெரியாது. எனக்கு, தெரியாது! அவள் வருவதற்குள் நானே அலசிப் போட்டேன். அடிவயிறு கல் மாதிரி தடித்திருக்கிறது. அமுக்கினாலும் வலிக்கவில்லை. இடது பாதத்தின் முன்பக்கம் தூக்கினால் தூக்க வரவில்லை.

இதற்குமேல் எழுத மாட்டேன் என்கிறான் சுப்பராயலு.

ஜூலை 21, திங்கள். ஆஸ்பத்திரி

அன்றைக்குத் தன் வீட்டுத் திண்ணையில் சுப்பராயலு பேனாவை மூடினான். "சாகப் போறவன் உயில் எல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன்டா. உன்கூட உட்கார்ந்து இதை எழுத மாட்டேன்." நோட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்குப் போனான். நாற்பது வருடத்தில் ஒருவர் பத்திரத்தை இன்னொருவரிடம் காட்டாதவன். எழுந்து பிடிக்கலாம் என்றால் கால் வரவில்லை.

சரளா வாசலில் நின்றபடியே படித்தாள். எல்லாப் பக்கத்தையும். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள்.

மூத்திரக் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் ஓடி வந்தார். "எப்போலேருந்து?"

"செருப்பு கழண்டது செவ்வாக்கெழம பத்தேகாலு. கடைசியா நல்லா போனது அன்னிக்கு நாலு மணி. மரத்தது பொதன் ஏழரை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இவ்வளவு கரெக்டா தெரிஞ்சு வெச்சுக்கிட்டா வீட்ல உட்கார்ந்திருந்தீங்க?" அப்புறம் சரளாவிடம் சொன்னார்: ஜவ்வு முழுசாக உடைந்து எல்லா நரம்பையும் நசுக்கியிருக்கிறது. நரம்பு சாக ஆரம்பித்தால் வலியும் போய்விடும். "அன்னைக்கே வந்திருந்தா..." என்றார். அன்றே ஆபரேஷன்.

சரளா இன்று காலையில்தான் வாய் திறந்தாள்.

"அத்தை ரெண்டு வருஷம் படுக்கைல கிடந்தாங்களே, யார் மாமா பார்த்தது?"

"அது பொம்பளைக்குப் பொம்பள."

"அதனால சாகறேன்னு சொல்வீங்களா? 'நார்மல்'னு சொன்னப்ப போனைப் புடிச்சுக்கிட்டு நின்னேனே. உங்க மூஞ்சியப் பார்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நானும்தான் பார்க்கல."

சுப்பராயலு இதை எழுதும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

ஜூலை 28, திங்கள்

வலி சைபர். இந்த எண்ணைச் சொல்லவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீடு. வலது கால் வந்துவிட்டது. இடது கால் வாக்கரோடு இழுத்துக்கொண்டு வருகிறது. மற்றது வருமா என்று கேட்டேன். ஆறு மாதம், ஒரு வருடம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வரும் என்று சொல்லவில்லை.

சுப்பராயலு வந்து உட்கார்ந்தான். நோட்டைச் சரளாவிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டுப் போனான். இனி எழுதுவது சரளா. அவளுக்கு எழுத்து சிறியதாம், பக்கம் மிச்சமாகும் என்கிறாள்.

"இன்னா எழுதணும் மாமா?" என்று என்னைப் போலவே கேட்டு வம்பு செய்தாள். மூத்திரப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

காலையிலிருந்து நானூறு மில்லி. எல்லாம் குழாய் வழியாக. தானாக ஒரு சொட்டும் இல்லை. வெளிக்குப் போனதும் எனக்குத் தெரியவில்லை. அவள்தான் பார்த்துத் துடைத்தாள். அதையும் எழுது என்றேன். எழுதினாள்.