இரண்டு நிமிட நிறுத்தம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

அதிவேக ரயிலை அரசே ஓட்டுவதா, மானியம் கொடுத்துக் கம்பெனியிடம் விடுவதா என்ற ஒப்பீட்டு அறிக்கையை முடித்துவிட்டேன். அரசு ஓட்டினால் தாமதமாகும், ஆனால் சின்ன ஊரிலும் நிற்கும். கம்பெனி நேரம் தவறாது. ஆனால் பயணிகளை எண்ணிப் பார்க்கும் நாளில் இருபது பேர் ஏறாத ஊரில் நிற்காது. மேலிடம் கம்பெனிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

நீ போய் இருக்கும் உன் அம்மா ஊரில் எண்ணுவதற்கு நானேதான் வந்தேன். சொல்லாமல் வந்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை.

டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது பேர் ஏறினார்கள். நீ பெட்டியோடு வந்து, திறந்த கதவுக்கு முன்னால் இரண்டு நிமிடமும் நின்றாய். கதவு மூடியதும் திரும்பிப் போனாய். அது நம் வீட்டுப் பக்கம் வரும் ரயில்.

"சார், அந்தம்மாவையும் சேத்து இருபதுன்னு போட்டுடுங்களேன். யாரு கேக்கப்போறா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஏறினவங்களத்தான் எழுதணும்" என்றேன். 'உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு ரூல்' என்று சலித்துக்கொள்வாயே, அதேதான்.

உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கையில் வேலை இருந்தது.

இந்த மாதக் கடைசி வரைதான் ரயில் அங்கே நிற்கும். அது இங்கே வந்து சேரும்போது தினமும் நான் பிளாட்பாரத்தில் இருக்கிறேன். வேலை விஷயமாகத்தான்.

உன் வீட்டுக்காரன்